ஈரல் கொழுப்பும் ஹோர்மோன் மருந்துகளும்: ஸ்கான் ரிப்போர்ட்டிலிருந்து ஊசி வரை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கான் எடுப்பார்கள். கல் இருக்காது, ரிப்போர்ட்டின் அடியில் ‘ஃபற்றி லிவர், கிரேட் 2’ என்று ஒரு வரி இருக்கும். அது அபூர்வமான வரி அல்ல. ராகமையில் நடந்த சமூக ஆய்வில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அந்த வரியைக் கண்டவர்கள் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மெலிவதற்குப் போடும் ஊசி ஈரலுக்கும் நல்லதாமே, போடலாமா?

சிலருக்குப் போடலாம். பெரும்பாலானவர்களுக்கு ஈரலுக்காக அது தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு அல்ல, ஈரலில் விழுந்திருக்கும் தழும்பின் அளவு. ஸ்கானில் வரும் ‘கிரேட்’ கொழுப்பை மட்டுமே சொல்கிறது. கிரேட் 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேட் 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். ஈரல் சுருங்கத் தொடங்கும்போது கொழுப்பு குறைந்துபோவதும் உண்டு. தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை எண்ணுவார்கள், எஃப்4 என்றால் ஈரல் சுருக்கம். மெலிவதற்குப் போடும் அந்த ஊசி உட்பட ஹோர்மோன் மருந்துகள் ஈரலுக்கென்று அங்கீகரிக்கப்பட்டிருப்பது எஃப்2, எஃப்3 ஆகிய இரண்டு நிலைகளுக்குத்தான். எனவே ஊசியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

(இந்த நோயின் பெயர் பழைய ரிப்போர்ட்டில் என்.ஏ.எஃப்.எல்.டி என்றும் 2023க்குப் பிந்தியவற்றில் எம்.ஏ.எஸ்.எல்.டி என்றும் இருக்கலாம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றே.)

1. கொழுப்புக்கு வேறு காரணம் உண்டா?

ஸ்கான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் ஓ.பி.டிக்குப் போங்கள். அங்கிருந்து மெடிக்கல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை ஆகியவை பெரியவை. களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் தொடங்கலாம். ஏற்கெனவே சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ கிளினிக் கொப்பி வைத்திருந்தால் புதிதாக ஒன்று தேவையில்லை, அதே கிளினிக்கில் ஸ்கானைக் காட்டுங்கள்.

மதுவின் கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் அற்ககோல் என்ற எல்லையைத் தாண்டினால் நோயின் பெயரும் வைத்தியமும் மாறிவிடும். 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயத்தில் மட்டும் ஏறத்தாழ 47 கிராம் இருக்கிறது. “வெள்ளி, சனி மட்டும்தான்” என்பவரும் அந்த வாரக் கணக்கைக் கூட்டி ஏழால் வகுத்துச் சொல்வது நல்லது.

ஹெப்பரைற்றிஸ் பி, சி இரத்தப் பரிசோதனைகள், தைரொயிட்டுக்கு ரி.எஸ்.எச், சீனிக்கு எச்.பி.ஏ1சி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றை ஒரேமுறையில் செய்துவிடலாம். நீண்டகாலம் பிரெட்னிசொலோன், மெதோட்ரெக்சேற், தமொக்சிஃபென், வல்ப்ரோயேற், அமியோடரோன் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த மருந்துகளாலும் ஈரலில் கொழுப்புப் படியும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பெயர் தெரியாத மூலிகைத் தூள், ‘ஈரல் சுத்தம் செய்யும்’ பானம் எதையாவது குடித்துவந்தால் போத்தலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈரல் அழற்சிக்கு அதுவே காரணமாக இருந்த நோயாளிகள் உண்டு.

இடுப்புச் சுற்றையும் அளந்துகொள்ளுங்கள். தெற்காசியருக்கு ஆண் 90 சென்ரிமீற்றர், பெண் 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. பார்வைக்கு மெலிந்தவர், உடற்திணிவுச் சுட்டி 23தான், ஆனால் வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது என்றால் அவருக்கும் இந்த நோய் வரும்.

2. ஃபிப்-4 கணக்கு

தழும்பு இருக்குமா என்று மதிப்பிடும் கணக்கு இது. இதற்குத் தனி இயந்திரம் தேவையில்லை. இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் உங்கள் வயதும் போதும்: ஈரல் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.ரி, ஏ.எல்.ரி, முழு இரத்த எண்ணிக்கையில் வரும் பிளேற்லெற். சில லேப்களில் ஏ.எஸ்.ரியை எஸ்.ஜி.ஓ.ரி என்றும் ஏ.எல்.ரியை எஸ்.ஜி.பி.ரி என்றும் போடுவார்கள். இடம் மாறினால் விடையும் மாறும், கவனம். மூன்றுக்கும் ஒரே நாளில் இரத்தம் கொடுங்கள்.

வயதை ஏ.எஸ்.ரியால் பெருக்குங்கள். ஏ.எல்.ரியின் வர்க்கமூலத்தைப் பிளேற்லெற்றால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். பிளேற்லெற் 210,000 என்று இருந்தால் கணக்கில் 210 என்று போடவேண்டும். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான்.

உதாரணமாக வயது 52, ஏ.எஸ்.ரி 48, ஏ.எல்.ரி 64, பிளேற்லெற் 210 ஆயிரம். 52 × 48 = 2496. 64இன் வர்க்கமூலம் 8; 8 × 210 = 1680. 2496 ÷ 1680 = 1.49.

1.3க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 2.67க்கு மேல் என்றால் ஈரல் நிபுணரிடம் போகவேண்டும். இடைப்பட்டவர்கள், மேலே உள்ள 1.49 போல, அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 1.3 அல்ல, 2.0. 35 வயதுக்குக் குறைந்தவர்களில் இந்தக் கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். மாரி மழைக்குப் பிறகு டெங்கு பரவும். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். இரண்டிலும் பிளேற்லெற் இறங்கும், ஏ.எஸ்.ரி ஏறும். அதே 52 வயதுக்காரருக்குக் காய்ச்சலோடு ஏ.எஸ்.ரி 180, ஏ.எல்.ரி 100, பிளேற்லெற் 60 ஆயிரம் என்று வந்தால் ஃபிப்-4 கணக்கு 15.6 என்று நிற்கும். அது ஈரல் சுருக்கம் அல்ல, காய்ச்சல். வார்ட்டில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். நன்றாகச் சுகமாகி இரண்டு மாதமாவது போனபின் புதிதாக இரத்தம் கொடுத்துப் போடுங்கள்.

3. ஃபைப்ரோஸ்கான்

இது ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கான். வலி இல்லை, பத்து நிமிட வேலை. எல்லா ஊரிலும் இந்த இயந்திரம் இருக்காது, கொழும்பு வரை போகவேண்டியும் வரலாம். பணம் கட்டிப் பதிவதற்கு முன் உங்கள் கிளினிக் டொக்டரிடம் எங்கே எழுதித் தருவார் என்று கேளுங்கள். போகும் நாளில் குறைந்தது மூன்று மணிநேரம் வெறும் வயிறு வேண்டும். இரவு ரயிலில் போய் இறங்கியதும் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நேரே ஸ்கானுக்குப் போனால் விறைப்பு கூடுதலாகக் காட்டும். ஈரல் அழற்சி உச்சத்தில் இருக்கும்போதும், இருதயம் பலவீனமாகி உடலில் நீர் தேங்கியிருக்கும்போதும் அப்படியே.

ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கும். கிலோபஸ்கால் என்று வருவது தழும்பு, டெசிபெல் என்று வருவது கொழுப்பு. கிலோபஸ்கால் எண்ணைப் பாருங்கள். 8க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பயமில்லை. 8 முதல் 12 வரை என்றால் எஃப் எண் எது என்பதில் நிபுணரின் தீர்மானம் வேண்டும். 12க்கு மேல் என்றால் முற்றிய தழும்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

எண் குறைவாக வந்தவர்களுக்கு ஈரலுக்கென்று ஹோர்மோன் மருந்து வேண்டியதில்லை. நிறையில் 5 வீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்பு குறையும், 7 வீதத்தில் அழற்சி ஆறத் தொடங்கும், 10 வீதத்தில் தழும்பே பின்வாங்க வாய்ப்புண்டு. 80 கிலோ உள்ளவருக்கு அது 4, 5.6, 8 கிலோ. சோற்றை அரைப் பங்காக்கி மீனையும் மரக்கறியையும் கூட்டுவது, இனிப்புச் சோடாவையும் சீனி போட்ட பிளேன்ரீயையும் நிறுத்துவது, வாரத்தில் ஐந்து நாள் அரை மணிநேரம் வேகமாக நடப்பது: இவைதான் முதல் மருந்து. மூன்று வருடத்துக்கொரு முறை, சீனி வருத்தம் இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கொரு முறை, ஃபிப்-4 கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும்.

4. எந்த ஹோர்மோன், என்ன செய்கிறது?

ஜி.எல்.பி-1 என்பது சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஹோர்மோன். பசியை அடக்கும், இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும், இன்சுலினைத் தூண்டும். செமாக்ளுரைட் அதைப்போலச் செயற்படும் வார ஊசி. ஈரல் கலங்களில் இது நேரடியாக வேலை செய்வதாகத் தெரியவில்லை. நிறையும் இன்சுலின் எதிர்ப்பும் குறைவதால்தான் ஈரல் தேறுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் மருந்துகளை அங்கீகரிக்கும் எஃப்.டி.ஏ இதை எஃப்2, எஃப்3 தழும்புள்ள ஈரல் அழற்சிக்கு அங்கீகரித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 72 வாரத்தின் பின் ஊசி போட்டவர்களில் 62.9 வீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 34.3 வீதம். தழும்பு குறைந்தவர்கள் முறையே 36.8, 22.4 வீதம். இந்த எண்களை அப்படியே மனதில் வையுங்கள்: தழும்பு குறைவது மூவரில் ஒருவருக்கு மேல், எல்லோருக்கும் அல்ல.

ரேர்செப்பரைட் ஜி.எல்.பி-1உம் ஜி.ஐ.பி என்ற இன்னொரு குடல் ஹோர்மோனும் சேர்ந்த ஊசி. 190 பேரில் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது, ஆனால் அதை ஈரலுக்கென்று இன்னும் அங்கீகரிக்கவில்லை. சீனிக்காகவோ நிறைக்காகவோ அதைப் போடுபவருக்கு ஈரலும் சேர்ந்து பயன்பெறும் என்று எடுத்துக்கொள்ளலாம். குளுக்ககோன் என்ற ஹோர்மோனையும் சேர்த்த சர்வோடுரைட், ஈரலே சுரக்கும் எஃப்.ஜி.எஃப்-21 ஹோர்மோனைப் போன்ற ஊசிகள் எல்லாம் ஆய்வில் இருப்பவை. அவற்றை யாராவது விற்கிறார் என்றால் வாங்காதீர்கள்.

ரெஸ்மெற்றிரோம் மாத்திரை வேறு வழியில் போகிறது. ஹோர்மோன் கலத்தில் வந்து ஒட்டும் இடம் ஏற்பி. தைரொயிட் ஹோர்மோன் ஈரலில் பீற்றா ஏற்பியில் தொட்டால் கொழுப்பை எரிக்கும், இருதயத்திலும் எலும்பிலும் அல்ஃபா ஏற்பியில் தொட்டால் படபடப்பும் எலும்புத் தேய்வும் வரும். இந்த மாத்திரை பீற்றாவைத்தான் பெரும்பாலும் தொடுகிறது. எஃப்.டி.ஏ அங்கீகாரம் 2024 மார்ச். நிறை 100 கிலோவுக்குக் கீழ் என்றால் நாளுக்கு 80 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி. நிறையை இது குறைக்காது. இரத்தக் கொழுப்புக்குத் தரும் ஜெம்ஃபிப்ரோசிலோடு சேர்த்து எடுக்கக் கூடாது. இதோடு எடுக்கும் கொலஸ்ட்ரோல் மாத்திரைகளில் அற்றோவஸ்ரற்றின் 40 மி.கி.ஐயும் ரொசுவஸ்ரற்றின் 20 மி.கி.ஐயும் தாண்டக் கூடாது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இன்னொருவருக்குத் தந்த தைரொக்சின் மாத்திரையை ஈரலுக்காக விழுங்குவது ஆபத்து. தைரொக்சின் இரண்டு ஏற்பிகளையும் தொடும். ஈரல் கொழுப்பு குறையும் அளவுக்கு எடுத்தால் இருதயத்துடிப்பு குழம்பும்.

5. ஊசியைத் தொடங்குவதற்கு முன்

டொக்டரிடம் இவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்: குடும்பத்தில் யாருக்காவது மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய், முன்பு வந்த கணைய அழற்சி, பித்தக்கல், கர்ப்பம் அல்லது கர்ப்பமாகும் எண்ணம். செமாக்ளுரைட்டைக் கர்ப்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும். ரேர்செப்பரைட் போடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது: தொடங்கியபின் நான்கு வாரமும், அளவு கூடும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் வேறொரு முறையும் வேண்டும்.

பல வருடச் சீனி வருத்தக்காரர் முதலில் கண் கிளினிக்கில் விழித்திரையைக் காட்டவேண்டும். சீனி திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை மோசமாகலாம். கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் இவற்றில் ஒன்றை எடுப்பவருக்கு அதன் அளவைக் குறைக்கவேண்டி வரும். குறைக்காமல் ஊசியையும் சேர்த்தால் வியர்த்து, கை நடுங்கி, சீனி இறங்கிவிடும். மெற்ஃபோமினால் அந்தத் தொல்லை இல்லை.

ஈரல் சுருக்கம் ஏற்கெனவே வந்தவர்களில் செமாக்ளுரைட்டைப் பரிசோதித்தபோது தழும்பு குறையவில்லை. வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, இரத்த வாந்தி கண்டவர்கள் இந்தக் கட்டுரையின் மீதியை விட்டு நேரே நிபுணரிடம் போகவேண்டும்.

பார்மசியில் பெட்டியில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், பில்லை வாங்கி வையுங்கள். போலிச் செமாக்ளுரைட் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. பேஸ்புக்கில் விற்கும் குப்பி, கையில் கொண்டுவந்து தரும் ஊசிப் பேனா, லேபிளில் எழுத்துப் பிழை, தளர்ந்த மூடி இவற்றைத் தொடாதீர்கள்.

6. அளவும் ஊசி போடும் முறையும்

செமாக்ளுரைட்டின் ஏணி இது: வாரம் ஒருமுறை 0.25 மி.கி. நான்கு வாரம், பிறகு 0.5, 1, 1.7 ஒவ்வொன்றும் நான்கு வாரம், அதன்பின் 2.4 மி.கி. ஈரல் ஆய்வு நடந்தது இந்த 2.4இல். சீனி வருத்தத்துக்கென்று வரும் பேனா பெரும்பாலும் 1 மி.கி.உடன் நின்றுவிடும். அதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்ன வீதங்களை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ஏணியில் படி தாண்டினால் வாந்தி வரும், அதோடு பலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். ஒரு படியில் குமட்டல் அடங்காவிட்டால் இன்னும் நான்கு வாரம் அங்கேயே நிற்கலாம். பேனாவிலிருந்து இன்சுலின் சிரிஞ்சால் உறிஞ்சிப் பங்கு போடவேண்டாம். சிரிஞ்சில் உள்ள ‘யுனிற்’ இன்சுலினுக்கு உரியது, மி.கி. அல்ல, பல மடங்கு பிழைக்கலாம்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கையைக் கழுவி, மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பேனா என்றால் ஊசி முனையில் ஒரு துளி வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி வயிற்றிலோ தொடையின் முன்புறத்திலோ குத்துங்கள், வாரத்துக்கு வாரம் இடத்தை மாற்றுங்கள். அளவு காட்டும் எண் பூச்சியத்துக்கு வந்தபின் ஆறு எண்ணும்வரை ஊசியை இழுக்காதீர்கள்; அவசரப்பட்டால் மருந்து தோலில் வழியும். ஒவ்வொரு முறையும் புது ஊசி முனை.

திறக்காத பேனா பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், ஐஸ் பெட்டிக்கு அருகில் வேண்டாம். உறைந்தால் வீசிவிட வேண்டியதுதான். திறந்ததை 30 பாகைக்குக் கீழ் வெளியே வைக்கலாம் என்று தாளில் போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டும், எனவே திறந்ததும் பிரிட்ஜிலேயே இருக்கட்டும். வெள்ளத்தில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நெடுநேரம் என்றால் ஐஸ் பையைத் துணியில் சுற்றி, பேனா அதில் நேரே படாமல் வையுங்கள். பேனாவோடு வந்த தாளை எறியாதீர்கள். தவறிய ஊசியை எத்தனை நாளுக்குள் போடலாம், வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது பேனாவுக்குப் பேனா வேறு.

7. சாப்பாடு

மருந்து பசியை அடக்கிவிடும், அதனால் குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 70 கிலோவுக்கு 70 முதல் 84 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, ஒரு முட்டையில் 6, அவித்த பருப்பு 100 கிராமில் 9 கிராம். வாவி மீனும் கடல் மீனும் கிடைக்கும் ஊரில் இது பெரிய பாடில்லை. தட்டில் முதலில் மீனும் பருப்பும், பிறகு கீரை, கடைசியில் சோறு என்று சாப்பிடுங்கள். பாதியில் வயிறு நிறைந்தாலும் தேவையானது உள்ளே போயிருக்கும். கருவாடு அளவோடு, உப்புக் காரணம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரத அளவை டொக்டரிடம் கேட்கவேண்டும்.

கலியாண வீட்டுப் பிரியாணியும் தேங்காய்ப்பால் கூடிய கறியும் ஊசி போட்ட மறுநாள் ஒத்துவராது. இரைப்பை மெதுவாக இயங்குவதால் எண்ணெய் அப்படியே தங்கிக் குமட்டும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கூட்டுங்கள். ரமழான் நோன்புக்குள்ளோ கந்தசஷ்டி விரதத்துக்குள்ளோ ஊசியைப் புதிதாகத் தொடங்கவோ அளவைக் கூட்டவோ வேண்டாம். வாந்தியோடு தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் தாக்கப்படும்.

8. பார்த்துக்கொள்வது

மூன்று மாதத்துக்கொரு முறை நிறை, இடுப்பு, ஏ.எல்.ரி, ஒரு வருடத்தில் ஃபைப்ரோஸ்கான். ஏ.எல்.ரி முன்பு இருந்ததைவிட 17 அலகாவது குறைந்திருந்தால் ஈரல் தேறுவதற்கு நல்ல அடையாளம். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைத் தொடங்கும் முன்னமே யோசிக்கவேண்டும்: நிறைக்காகச் செமாக்ளுரைட் போட்டு நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் காசு இருக்கிறது என்றால், எங்கள் அபிப்பிராயம், அந்தக் காசை மீனுக்கும் மரக்கறிக்கும் நல்லதொரு சோடிச் சப்பாத்துக்கும் செலவழிப்பது மேல்.

சத்திரசிகிச்சைக்கோ எண்டோஸ்கோபிக்கோ நாள் குறித்தால் இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வெறும் வயிறு என்று நினைத்தாலும் இரைப்பையில் சாப்பாடு நிற்கலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் விடாத வலி, கண் மஞ்சளாதல், ஒரு நாளுக்கு மேல் எதுவும் தங்காத வாந்தி, திடீர்ப் பார்வை மங்கல்: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஊசியை நிறுத்தி, ஓ.பி.டி வரிசையில் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பேனாவையும் கையில் கொண்டுபோங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு ஐந்து வாரம் வரை மருந்து உடலில் இருக்கும், எனவே “போன மாதமே விட்டுவிட்டேன்” என்றாலும் சொல்லவேண்டும்.